மடியில் கனம்

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் என் பிரௌசிங் சென்டர் இருக்கிறது. 2005-ல் ஆரம்பித்தபோது எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு நாலாகிவிட்டது. குரூப் 4 விண்ணப்பம் போடும் பிள்ளைகள், பட்டா, சிட்டா எடுக்க வரும் விவசாயிகள், பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் பழைய மில் தொழிலாளர்கள், இவர்கள்தான் இப்போது வருகிறார்கள். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் நான் போய் ஒரு வேலை செய்வேன். திறந்திருக்கும் விண்டோக்களை எல்லாம், கீழே சுருக்கி வைத்தவற்றையும் சேர்த்து மூடுவேன். ஒன்றும் பாக்கியில்லை என்று பார்த்த பிறகே புதிதாக ஒன்றைத் திறந்து கொடுப்பேன். அரை நிமிட வேலை. அதை நான் விளக்கேற்றுவதைப் போல் கவனமாகச் செய்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

ஒரு காலத்தில் ஒவ்வொரு திரைக்கு மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன்: “பிரைவேட் விண்டோவில் மட்டும் திறக்கவும்.” அதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். 2018 தை மாதத்தில் ஒரு நாள், ஃபவுண்டரியில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மெயிலில் ரிப்போர்ட் வந்திருந்தது. பார்த்தார், பிரிண்ட் எடுத்தார், விண்டோவை மூடாமல் சுருக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்து உட்கார்ந்தவர் அவருடைய தெருக்காரர். சீட்டில் சொன்னபடியே புதிதாக ஒரு பிரைவேட் விண்டோ திறந்து, தன் மெயிலைப் பார்க்கப் போனார். முன்னவருடைய மெயில் அப்படியே விரிந்தது. காசநோய் என்ற சொல் முதல் வரியிலேயே இருந்தது.

பார்த்தவர் கெட்டவர் இல்லை. வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொன்னார். நாலாம் நாள் அந்தக் குடும்பத்துப் பிள்ளையோடு தெருவில் யாரும் விளையாட வரவில்லை. ஆறு மாத மருந்தில் குணமாகிற நோய் அது. அவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியவில்லை. அவர் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. சீட்டைக் காட்டி ஒன்று மட்டும் கேட்டார்: “பிரைவேட்டுனு நீங்கதானுங்க அக்கா எழுதி ஒட்டியிருக்கீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அவர் போன பிறகு நாலு சீட்டையும் கிழித்தேன். நான் எழுதி ஒட்டிய சொல்லுக்கு என்ன பொருள் என்று அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன்.

வலைத்தளத்துக்கு இயல்பாக ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டுவதாகத்தான் அதற்குத் தோன்றும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லி என்பவர் அந்த மறதிக்கு மருந்தாகக் குக்கியைக் கொண்டுவந்தார். தளம் நம் கம்ப்யூட்டரில் ஒரு சிறு குறிப்புச் சீட்டை வைக்கும். அடுத்த முறை போனால் அதை வாங்கிப் பார்த்து நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் ஒரு தளத்தின் பக்கத்துக்குள்ளேயே விளம்பரக்காரர்களும் கடை போட்டிருப்பார்கள். அவர்களும் சீட்டு வைத்தார்கள். நாம் துணிக்கடையிலிருந்து மருந்துக்கும் மருந்திலிருந்து செய்திக்கும் போகப் போக, எல்லா இடத்திலும் உட்கார்ந்திருந்த அதே விளம்பரக்காரர் தன் சீட்டை வாங்கிப் பார்த்துப் பார்த்து நம் கணக்கை எழுதினார்.

பிரைவேட் விண்டோ இந்தச் சீட்டுகளைப் பழைய டப்பாவில் போடாமல் வேறொரு டப்பாவில் போடும். மூடும்போது அதைக் கொட்டிவிடும். நான் அறியாமல் இருந்தது இதற்குள் ஒளிந்திருந்த இன்னொன்றை. எங்கள் பக்கத்தில் வளவு என்போம். வெளிக்கதவு ஒன்று, நடுவில் பொது வாசல், சுற்றிலும் வீடுகள். வெளிக்கதவைச் சாத்திவிட்டால் தெருவில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. உள்ளே இருக்கிற வீடுகளுக்கோ ஒன்றுக்கொன்று எல்லாம் தெரியும். பெரும்பாலான பிரௌசர்களில் பிரைவேட் விண்டோ இப்படி ஒரு வளவுதான். எத்தனை விண்டோ திறந்தாலும் டப்பா ஒன்றே. கடைசி விண்டோ மூடும் வரைக்கும் அது நிறைந்துகொண்டே இருக்கும். ஃபவுண்டரிக்காரரும் அவர் தெருக்காரரும் அன்றைக்கு ஒரே வளவுக்குள் இருந்தார்கள்.

என் கடையில் நடந்தது ஆளுக்கும் ஆளுக்கும் இடையில். பெரிய உலகத்தில் இதுவே தளத்துக்கும் தளத்துக்கும் இடையில் நடக்கிறது. அதற்குச் சுவர் எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆப்பிளின் சஃபாரியில் பிரைவேட் முறையில் ஒவ்வொரு டேப்புக்கும் தனி டப்பா. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூன் முதல் கம்ப்யூட்டரில் சாதாரண விண்டோவிலேயே தளத்துக்குத் தளம் டப்பாவைப் பிரித்துவிட்டது. ஒரு தளத்தில் வைத்த விளம்பரச் சீட்டு அடுத்த தளத்தில் செல்லாது. நம் ஊர் சோஹோ 2023-ல் வெளியிட்ட உலா பிரௌசரில் வேலைக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனி அறைகள் உண்டு. செய்யும் விதம் வேறு வேறு, எண்ணம் ஒன்று: இங்கே தெரிந்தது இங்கேயே இருக்கட்டும்.

இந்த எண்ணத்தைப் பற்றி ஒரு பெரியவர் என்னிடம் கேள்வி கேட்டார். சிறு வயதிலிருந்து பஞ்சாலையில் உழைத்தவர், நெற்றி நிறையத் திருநீறு, பேரூரில் சைவ சித்தாந்த வகுப்பில் எனக்கு மூத்தவர். உயிர்வாழ் சான்றுக்கு வந்தவர், நான் விண்டோக்களை ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மடியில கனமிருந்தாத்தானே அம்மிணி வழியில பயம்? ஈசனுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குதா? அவனுக்கே தெரிஞ்சத மனுசனுக்கு எதுக்கு மறைக்கோணும்?”

அவர் மனசாரக் கேட்டார். அதனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உண்மையில் அது இரண்டு கேள்வி.

முதலில் மடி. இந்தப் பழமொழியைக் கேட்டவுடன் திருட்டுப் பொருளைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவனைத்தான் நினைத்துக்கொள்கிறோம். சந்தையில் மாட்டை விற்றுவிட்டு, மகள் கல்யாணத்துக்கு என்று பணத்தை மடியில் முடிந்துகொண்டு இருட்டில் நடந்து வருகிற விவசாயிக்கும் வழியில் பயம்தான். அவர் மடியில் இருப்பது அவர் வியர்வை. வழியில் கள்ளன் இருப்பதால் அந்தப் பயம் வருகிறது. அவரைப் பார்த்து, “நீ யோக்கியனாக இருந்தால் மடியை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு நட” என்று யாராவது சொல்வார்களா? காசநோய் ஒரு குற்றமில்லை. குழந்தை இல்லாத ஏக்கம், மகன் வாங்கிய கடன், வரன் தட்டிப்போன வருத்தம் எதுவும் குற்றமில்லை. ஆனாலும் கனம். இருபது வருடமாக என் கடைக்கு வந்துபோகிறவர்களில் கனமில்லாத மடியை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கேள்வி ஈசனைப் பற்றியது. அதற்குப் பதில் அந்தப் பெரியவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து கேட்ட பாடத்திலேயே இருக்கிறது. இறைவனுக்கு ஐந்து தொழில் என்று சித்தாந்தம் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். முதன்முதலில் கேட்டபோது நாலாவது எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் காட்டுகிறவன் எதற்கு மறைக்கிறான்? பிறகு பேரூர்க் கனகசபையில் கூத்தப்பிரான் முன்னால் நின்றபோது வகுப்பில் சொன்னது கண்ணுக்கு விளங்கியது. கையில் இருக்கும் துடி படைத்தலைக் காட்டுவது, எங்கள் ஊர்ப் பெயரில் ஒலிக்கிற அதே துடி. தூக்கிய திருவடி அருளல். ஊன்றிய திருவடி மறைத்தல். ஆட்டம் முழுவதும் அந்த ஊன்றிய காலில்தான் நிற்கிறது. அது ஊன்றினால்தான் இது தூக்கும்.

மறைத்தலும் அருளின் ஒரு வடிவம் என்றே நம் பெரியோர்கள் கொண்டார்கள். உயிர் பக்குவப்பட வேண்டும், அதற்கு ஒரு திரை வேண்டும். முற்பிறவிக் கணக்கெல்லாம் ஒரே நாளில் கண்முன்னால் விரிந்தால் எந்த உயிர் தாங்கும்? விதையை மண் மூடுவதைப் போல இறைவன் மூடி வைக்கிறான். அப்படியானால், “ஈசனுக்குத் தெரியும், ஆகையால் எல்லாருக்கும் தெரியலாம்” என்ற பேச்சு ஈசன் செய்கிற வேலைக்கே எதிரானது. எல்லாம் தெரிந்தவன் ஒருவன்தான். அவனும் தெரிந்ததை ஊருக்குச் சொல்வதில்லை. சித்திரகுப்தன் எழுதும் ஏட்டைக்கூட யாரும் விலைக்கு வாங்கியதாகக் கதை கிடையாது.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வடமதுரையில் விருந்தீஸ்வரர் இருக்கிறார். சுந்தரர் பசியோடு வந்தபோது ஈசனும் அம்மையும் வேடனும் வேடுவச்சியுமாக வந்து முருங்கைக் கீரை சமைத்து விருந்து வைத்தார்கள் என்று தலக்கதை சொல்லும். சிறு வயதில் கேட்டபோது கீரை மட்டும்தான் மனதில் நின்றது. இப்போது நினைத்தால் அந்த வேடம்தான் நிற்கிறது. தெய்வமே இலை போடுகிறது என்று தெரிந்தால் யாரால் வயிறாரச் சாப்பிட முடியும்? விருந்தாளியின் கூச்சத்தைக் காப்பாற்றத் தெய்வம் தன்னை மறைத்துக்கொண்டது. வலைத்தளமும் ஒரு வீடுதான், நாம் அதற்கு விருந்தாளி. சாப்பிட்டு எழுந்தவர் பின்னாலேயே போய், அடுத்து எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், அங்கே என்ன கேட்டார் என்று எழுதி வைப்பதை எந்த ஊரிலும் விருந்தோம்பல் என்று சொல்லமாட்டார்கள்.

இப்படி எழுதி வைத்த கணக்கு நம்மைப் பற்றிய உண்மைதானே என்று கேட்கலாம். சித்தாந்தத்தில் இதற்கும் ஒரு பாடம் உண்டு. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கை நீலத் துணியில் வைத்தால் நீலம், சிவப்பில் வைத்தால் சிவப்பு. மகளுடைய விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தால் நான் தாய், மருந்தைத் தேடினால் நோயாளி, தேவாரம் கேட்டால் அடியவள். ஒவ்வொன்றும் அந்த நேரத்து நிறம். எல்லா நிறங்களையும் ஓரிடத்தில் சுரண்டிச் சேர்த்து, “இதுதான் நீ” என்று ஒரு விளம்பர நிறுவனம் சொல்லும்போது, அது பளிங்கைத் தொடவே இல்லை. தனித்தனி அறை வைத்துக்கொள்கிறவர் இரட்டை வேடம் போடுகிறார் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது வேடம் இல்லை. நீலத்தை நீலத்தோடும் சிவப்பைச் சிவப்போடும் விட்டுவிட்டு எழுந்து போகிற உரிமை அது.

சட்டமும் இந்த உரிமையை அறிந்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-ல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நாடாளுமன்றம் 2023-ல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்கென்று சம்மதம் வாங்கினால் அந்தக் காரியத்துக்குத் தேவையானதோடு நிற்க வேண்டும் என்கிறது. இங்கே கொடுத்தது இங்கேயே இருக்கட்டும் என்பதுதான் அதுவும்.

இந்தத் திரையைத் தவறானவர்கள் பயன்படுத்தமாட்டார்களா என்று கேட்டால், பயன்படுத்துவார்கள். அதற்காகத்தான் என் மேசையில் பதிவேடு இருக்கிறது. 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரும் நேரமும் எழுத வேண்டும். எந்தத் தளங்கள் திறக்கப்பட்டன என்ற பதிவையும் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. மூன்றையும் நான் மீறுவதில்லை. பிரைவேட் விண்டோ அந்தப் பதிவை அழிக்காது என்பதையும் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன். இணைய இணைப்புத் தருகிறவருக்கும், நாம் போய்ச் சேரும் தளத்துக்கும் நம் வரவு தெரியும். கூகுளின் இன்காக்னிட்டோ முறையிலும் தகவல் சேகரிக்கப்பட்டது என்று அமெரிக்காவில் 2020-ல் ஒரு வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசத்தின்போது, சேர்ந்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. திரை எவ்வளவு நீளம் என்று சொல்லாமல் திரை போட்டுவிட்டேன் என்பது பொய். அந்தப் பொய்யைத்தான் நானும் ஒரு நாள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தேன்.

நாலரை அடிப் பலகை எனக்குப் பிடித்த அளவு. நின்று பார்த்தால் ஆள் இருப்பது தெரியும். உட்கார்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். ஊன்றிய திருவடியைச் சொன்னபோது தலையை அசைத்தார், பேசவில்லை. அடுத்த வருடமும் உயிர்வாழ் சான்றுக்கு வந்தார். நாற்பது வருடம் நூல் முடிந்த விரல்கள், ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழவில்லை. முகத்தைப் படம் பிடித்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது. போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். சிமிட்டினார். பச்சை வட்டம் வந்ததும் கேட்டார்:

“எம்மட மூஞ்சி இப்ப எங்க போகுது அம்மிணி?”

“ஆதாரோட ஒத்துப் பாக்கறதுக்குப் போகுதுங்கையா.”

“அதோட நின்னுக்குமா?”

“நின்னுக்கோணுமுங்க. அதுக்குத்தான் சட்டமுங்க.”

அவர் திருநீற்றுப் பையை எடுத்து மடியில் செருகி, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அடுத்து ஒரு பெண் பிள்ளை காத்திருந்தாள். நான் போய் எல்லா விண்டோக்களையும் மூடினேன். அவர் வாசலில் நின்று, நான் மூடி முடிக்கும் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனார்.