பவளத்தின் முகம்

பவளத்துக்கு முகம் மேலே இருக்கிறது. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அதற்கும் பங்கு தருகின்றன. அதனால் வெளிச்சம் விழும் பக்கமாகவே அது விரிகிறது. வீட்டுத் தொட்டியில் மட்டும் நாம் சோபாவில் சாய்ந்தபடி, பக்கக் கண்ணாடி வழியே அதன் விலாவைப் பார்த்து அழகு என்கிறோம்.

தென்காசியில் எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணாச்சி ஒருவர் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் ஜன்னலுக்குள் வந்து விழும் ஊரில், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைத்து ஒரு குட்டிக் கடல்! சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த சால்ட் மிக்ஸை ஆர்.ஓ. தண்ணீரில் கலக்க வேண்டும். இத்தனைக்கும் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகாமல் இல்லை. அருவியில் விழுந்தது சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருப்பதும் அதே வளைகுடாவில்தான். ஆனால் நன்னீரும் வண்டலும் வந்து விழும் ஆற்று வாயில் பவளம் செழிக்காது.

அண்ணாச்சி தொட்டியில் இருப்பவை கல்கூடு கட்டாத காளான் பவளங்கள். கல்லாக வளர்பவை அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. அது நியாயம்தான் என்பது என் எண்ணம். தூத்துக்குடிப் பக்கம் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற காலம் ரொம்ப தூரத்தில் இல்லை.

பவளத்தை மேலிருந்து படம் எடுக்க அண்ணாச்சி என்னைக் கூப்பிடுவார். ஸ்டூல் போட்டு ஏறி, செல்போனை நீர்ப்பரப்புக்கு நேர் இணையாகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒளி வளைந்து உருவம் இழுபடும். அதைவிடப் பெரிய தொல்லை அலை. "மோட்டாரை நிப்பாட்டுங்க அண்ணாச்சி" என்பேன். வேவ் மேக்கர் அடங்கியதும் சுருக்கங்கள் மறைந்து, ஒவ்வொரு வட்டும் அதன் நடுவில் இருக்கும் சிறு வாயோடு தெளிவாகத் தெரியும். அப்படியே விட்டுவிடவும் முடியாது. உயிர்க்காற்றைக் கொண்டுவருவதும் கழிவை அகற்றுவதும் அந்த ஓட்டம்தான். சில நிமிடங்களில் அண்ணாச்சியின் கை சுவிட்சுக்குப் போய்விடும். கிரேக்கக் கடற்பஞ்சு மீனவர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமிழ்த்தி அதற்குள் பார்ப்பார்கள். அலை அதுபாட்டுக்கு இருக்கும், பார்வையும் கலங்காது. நாங்களும் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

எங்களுக்குள் சண்டை நிறத்தில்தான். நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் பவளத்தின் ஒளிர்புரதங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னும். போன் எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும் என்பதால் முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் வைத்து எடுப்போம். அண்ணாச்சிக்கு அந்தப் படம்தான் உசத்தி. வெள்ளை விளக்கைப் போட்டால் மங்கிய பழுப்பு. ஆனால் அந்தப் பழுப்பு, உள்ளே இருந்து சோறு போடும் பாசியின் நிறம். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா சூடேறியபோது பவளங்கள் இந்தப் பாசிகளை இழந்துதான் வெளுத்தன. சில பவளங்கள் அப்படி வெளுக்கும் நேரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒளிர்வதும் உண்டு. காய்ச்சலில் சிவந்த கன்னத்தைப் பார்த்து, பிள்ளை நல்ல நிறம் என்று மெச்சிக்கொள்வது போலத்தான் அந்த நிறத்தை நாம் ரசிப்பதும்.

ஸ்டூல் மேல் நிற்கும்போது அண்ணாச்சியைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். வருஷக்கணக்காக அவரைக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தவன் நான். சில்லறைக்கு முகம் சுளிப்பவர், பாக்கியை மறக்காதவர். அவ்வளவுதான் ஆள் என்று நினைத்திருந்தேன். அதே மனிதர் பழைய பற்று நோட்டின் பின்பக்கத்தில் உப்பின் அளவையும் வெப்பத்தையும் தேதி போட்டு எழுதுகிறார். கரண்ட் போனால் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறார். கல்லாவில் பார்த்தது பொய் இல்லை, இப்போதும் பாக்கியை மறப்பதில்லை. ஆனால் அது எனக்கு வசதியான இடத்திலிருந்து தெரிந்த விலா. ஒருவர் எந்த வெளிச்சத்துக்காக வளைந்திருக்கிறார் என்று பார்க்க நாம் எழுந்து போக வேண்டியிருக்கிறது. எல்லோர் விஷயத்திலும் அது முடியாது. முடியாத இடத்தில் தீர்ப்பை மட்டுமாவது தள்ளிப்போடலாம் என்று தோன்றுகிறது. அதுவும் எனக்குச் சுலபமாக வருவதில்லை.

கடல் ஆய்வாளர்கள் பவளத்தின் மேல் ஒரு சட்டத்தை வைத்து, அதே இடத்தை மேலிருந்து திரும்பத் திரும்பப் படம் எடுத்து, எது வளர்ந்தது, எது செத்தது என்று ஒப்பிடுவார்கள். அதேபோல மாதம் ஒரு படம், அதே உயரத்தில், வெள்ளை வெளிச்சத்தில் எடுப்பதென்று இப்போது உடன்பாடு. நீல வெளிச்சப் படம் அண்ணாச்சியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. முதல் வெள்ளைப் படத்தை மதினியிடம் காட்டினோம். "தொட்டிய கழுவி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.