காயத்தைத் தொடும் உரிமை

போர் நடந்த மண்ணுக்கு ஆய்வாளர் ஒருவர் கையில் குறிப்பேட்டுடன் செல்கிறார். மகனைப் பறிகொடுத்த தாயிடம் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். சில நாள்களில் அவர் ஊர் திரும்பிவிடுவார். சொன்ன தாயோ அங்கேயே இருப்பாள். மகனைக் கொன்றவனும் ஒருவேளை அடுத்த தெருவிலேயே இருப்பான். உண்மையை அறிவது நல்லதே. ஆயினும், அதன்பொருட்டுப் பிறர் காயத்தைத் திறக்க நமக்கு என்ன உரிமை?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலா இக்கேள்விக்குப் பெரும் விலை கொடுத்தது. 1960 முதல் 1996 வரை அங்கே உள்நாட்டுப் போர் நீடித்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை ஆணையம் 1999இல் மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் மாயா பழங்குடி மக்கள்.

அங்கே கேட்பதே குற்றமாயிற்று. சொந்த நாட்டிலேயே ஏதிலிகளாக அலைந்த மக்களைச் சந்தித்து ஆராய்ந்தவர் மானிடவியலாளர் மிர்னா மாக். 1990 செப்டம்பர் 11 அன்று தலைநகரில் அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கேட்டவருக்கே இக்கதி என்றால், சொன்னவர்களின் அச்சத்தை அளக்க இயலுமோ?

இந்நிலையில்தான் 1995இல் திருச்சபை மக்களின் சாட்சியங்களைத் திரட்டத் தொடங்கியது. பணியை வழிநடத்தியவர் ஆயர் ஹுவான் ஹெரார்தி. 1974 முதல் அவர் கிச்சே மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தார். 1980இல் குருக்களும் வேதியர்களும் கொல்லப்பட்டபோது, மறைமாவட்டப் பணிகளை நிறுத்திவிட்டு அங்கிருந்து வெளியேறினார். மேய்ப்பர் வெளியேறினார், மக்கள் அங்கேயே இருந்தனர். அதைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே மக்களுக்குச் செவிசாய்க்க அவர் முன்வந்தார் என்பதையே எண்ணிப் பார்க்கிறேன்.

அவர்கள் கேட்ட முறை கவனிக்கத்தக்கது. சாட்சியம் கேட்கப் பயிற்சி பெற்றோருள் பலர் அந்தந்த ஊர்களின் வேதியர்களும் எளிய மக்களுமே. மக்கள் தத்தம் தாய்மொழியில் பேசினர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சியங்கள் சேர்ந்தன. அறிக்கையில் சாட்சி சொன்னவரின் பெயர் இல்லை. ஓர் எண்ணே உண்டு. ஆனால் இறந்தவர்களின் பெயர்கள் நான்காம் தொகுதியில் வரிசையாக அச்சேறின. உயிரோடிருப்பவருக்கு மறைவு பாதுகாப்பு. மாண்டவருக்குப் பெயரே கல்லறை. கண்டறிந்தவற்றை ஊர்மக்களிடமே திரும்பக் கொண்டுசேர்ப்பதும் அப்பணியின் ஒரு பகுதியாயிருந்தது.

1998 ஏப்ரல் 24 அன்று அறிக்கை வெளியாயிற்று. ஏப்ரல் 26 இரவு ஆயர் தம் இல்லத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார். 2001இல் படையைச் சேர்ந்த மூவருக்கும், சொல்ல நெஞ்சு கூசுகிறது, குரு ஒருவருக்கும் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

அப்படியானால் கேளாதிருப்பதே நலமா? அன்று. அனைவரும் வாய்மூடினால் கொன்றவன் சொல்வதே வரலாறாகிவிடும். ஆனால் கேட்பவன் ஒன்றை மறத்தலாகாது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நான் கேட்கும் சொல் எனதன்று. ஆகவேதான் அதை வெளியிடும் உரிமை எனக்கில்லை. சாட்சியமோ உலகறியச் சொல்லப்படுவது. எனினும் அதுவும் சொன்னவருக்கே உரியது. எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது, யார் அறியலாம் என்பதை அவரே முடிவு செய்யவேண்டும்.

உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார் தோமா. ஆண்டவர் அவரைக் கடிந்து விலக்கவில்லை. தாமே காயத்தைக் காட்டி அழைத்தார். காயத்தைத் தொடும் உரிமை, காயப்பட்டவர் அழைக்கும்போதே பிறக்கிறது. அவ்வழைப்பைப் பெற்றவர் தொட்ட கையைத் துடைத்துவிட்டுத் தம் வழியே போய்விட இயலாது. தோமாவும் போய்விடவில்லை. அவர் சாட்சியாக நம் மண்வரை வந்து உயிர் நீத்தார் என்பதன்றோ நம் மரபு!

துக்க வீட்டிலும் கலவரம் நடந்த தெருவிலும் "என்ன நடந்தது?" என்று நாமும் கேட்கிறோம். கேட்ட பிறகு அவர்களோடு எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்பதை, கேட்குமுன்னே நம் மனத்திடம் கேட்டுக்கொள்வோமாக.