மழை எங்கோ, வெள்ளம் இங்கே



புனித நாட்டுத் திருப்பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியோடுதான் பங்கு அலுவலகத்துக்கு வருகிறீர்கள். "சாமி, சாக்கடல் பக்கம் பாலைநிலத்தில் நடக்கணுமாமே, எங்களால் முடியுமா?" முடியும். சாக்கடல் கரையோரம் இருக்கிற ஏன்கேதியில் அருகோத் ஓடையை ஒட்டி அருவி வரை போய்த் திரும்புவது இரண்டு மூன்று மணி நேர நடைதான். மூச்சு வாங்கும், ஆனால் மிரட்டாது. முழங்கால் வலிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தாவீது ஓடை இருக்கிறது. அங்கே தூரம் இன்னும் குறைவு. யாரையும் பேருந்தில் உட்கார வைத்துவிட்டுப் போக மாட்டோம்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி. ஓடைக்குள் இறங்கித்தான் சில இடங்களைக் கடக்க வேண்டும், நனைந்தால் நனையட்டும். அம்மாமார்கள் அன்றைக்கு மட்டும் சேலையை விட்டுவிட்டுச் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். நடை முடிந்து சாக்கடலில் மிதக்க ஆசைப்படுவீர்கள். பெயரில்தான் அது கடல். உண்மையில் உப்பு ஏரி. கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, கடல்நீரைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. காலில் சிராய்ப்பு இருந்தால் எரிச்சலில் துடித்துப்போவீர்கள். கரையோரம் திடீர்ப் பள்ளங்கள் விழுவதால் பல இடங்களை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது.

எப்போது போவது என்பதுதான் யோசிக்க வேண்டிய காரியம். கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே குளிர்காலம்தான் சரி. ஆனால் குளிர்காலத்தில் வேறோர் ஆபத்து உண்டு. ஏன்கேதியில் ஆண்டு முழுதும் பெய்கிற மழை 100 மில்லிமீட்டர்கூட இராது. மேற்கே எருசலேம், எபிரோன் மலைகளில் நன்றாகவே பெய்யும். அந்த மலைச்சரிவில் கொட்டுகிற மழை காய்ந்த பாறைகளில் தங்காமல் உருண்டோடிப் பள்ளத்தாக்கில் பாயும். ஏன்கேதியில் வானம் தெளிந்திருக்கும், வெயில் அடிக்கும், ஓடைக்குள் நிற்பவர் மேல் வெள்ளம் வந்துவிடும். ஆகவே நடக்கப்போகிற இடத்தின் வானிலையை மட்டும் கேட்டால் போதாது. மலைமேல் என்ன நிலவரம் என்றும் கேட்க வேண்டும். காவலர்கள் பாதையை மூடினால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். இவ்வளவு செலவழித்து வந்தோமே என்று வாதாடக் கூடாது.

அன்பானவர்களே, நம் வீடுகளில் வருகிற வெள்ளம் எங்கே பெய்த மழை? அலுவலகத்தில் மேலதிகாரி சொன்ன ஒரு சொல், சொத்துப் பிரிக்கையில் அண்ணன் காட்டிய முகம், பத்து வருடத்துக்கு முன் ஒரு திருமண வீட்டில் கிடைத்த அவமானம். பெய்தது அங்கே. அடித்துக்கொண்டு போனது யாரை? கணக்கு வராமல் முழித்த பிள்ளையை. குழம்பில் உப்புக் குறைத்த மனைவியை. அவர்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாகத்தானே இருந்தது?

இந்தக் கேள்வி உங்களைக் குத்தட்டும் என்று கேட்கவில்லை. ஏன்கேதியில் இன்னொன்றும் நடக்கிறது. அந்த மலைகளில் விழும் மழையில் ஒரு பங்கு ஓடிவிடாமல் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்குகிறது. பல ஆண்டுகள் இருட்டில் ஊறி ஊறி, கடைசியில் ஏன்கேதியில் நல்ல தண்ணீராக ஊற்றெடுக்கிறது. செத்த ஏரிக்குப் பக்கத்தில் குடிக்கத் தகுந்த தண்ணீர்! ஈரப்பாறையில் பெரணிச் செடி தொங்குகிறது. வளைந்த நீளக் கொம்புகளோடு வரையாடுகள் செங்குத்துப் பாறையிலிருந்து தண்ணீருக்கு இறங்கி வருகின்றன. குழிமுயல்கள் மரமேறி இலை தின்கின்றன. எல்லாம் உள்ளே இறங்கிய மழையால்.

தாவீது ஒளிந்திருந்த இடம் இதுவே. 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். தாவீதைக் கொல்ல 3000 வீரரோடு தேடி வந்த அரசர் சவுல், இயற்கைக் கடன் கழிக்கத் தனியாகக் குகைக்குள் நுழைகிறார். அதே குகையின் உட்பகுதியில் தாவீதும் ஆட்களும். கையில் வாள். கூட இருப்பவர்கள் தூண்டிவிடுகிறார்கள். தாவீதோ அரசரின் மேலங்கி ஓரத்தை மட்டும் அறுக்கிறார். அதைச் செய்ததற்கே அவர் மனம் உறுத்துகிறது. அவர்மேல் பெய்த மழை கொஞ்சமா? அது வெள்ளமாகாமல் உள்ளே இறங்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். சவுல் அழுது மனமிரங்கிப் பேசிய பிறகும் தாவீது அவரோடு அரண்மனைக்குப் போகவில்லை. தம் பாதுகாப்பான இடத்துக்கே திரும்பினார். மன்னித்துவிட்டேன் என்பதற்காக அடிக்கிற கையின் கீழ் போய் நிற்க வேண்டும் என்று ஆண்டவர் எவரையும் கேட்பதில்லை. வீட்டில் அடிபடுகிற சகோதரிகளுக்கு இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

அடுத்த அதிகாரத்தையும் விட்டுவிடாதீர்கள். சவுலை மன்னித்த அதே தாவீது, நாபால் என்பவன் உணவு தர மறுத்து ஏளனமாகப் பேசினான் என்பதற்காக 400 பேரோடு வாளெடுத்துப் புறப்பட்டுவிட்டார். பெரிய பகையைப் பொறுத்தவர் சின்னச் சொல்லைப் பொறுக்கவில்லை. நம் கதைதானே? ஆனால் ஆண்டவர் அவரைக் கைவிடவில்லை. அபிகாயில் என்ற பெண்ணை அப்பங்களோடும் அமைதியான சொற்களோடும் வழியில் அனுப்பி, இரத்தப்பழியிலிருந்து காப்பாற்றினார். நேற்று வெள்ளமாய்ப் பாய்ந்த உங்களுக்கும் அந்த இரக்கம் உண்டு. கோபத்தோடு புறப்பட்ட வழியில் யாராவது எதிரே வந்து தடுத்தால், அவரைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

திருப்பயணம் செல்பவர்களே, பெட்டி கட்டும் முன் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கிற ஒருவரிடமாவது பேசிவிட்டுப் புறப்படுங்கள். போகாதவர்கள் இந்த வாரமே பேசலாம். அதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. ஆமென்.