புறப்படுவதற்கு முன்

பிரயாணத்தின் சுகத்தில் பாதி, புறப்படுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. தேதி குறிப்பதும், வழி விசாரிப்பதும், எதை எடுத்துக்கொள்வது எதை விட்டுவிடுவது என்று வீட்டில் வாதாடுவதும் தனி இன்பம். போய்ச் சேர்ந்த பிறகு வெயில் உண்டு, கொசு உண்டு, வயிற்றுக் கோளாறும் உண்டு. திட்டத்தில் இவை ஒன்றும் கிடையாது. திட்டம் போடும்போது மனிதன் தன் ஆசையோடு தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஆகையால், ஒருவரை அறிந்துகொள்ள அவர் போய்வந்த கதையைக் கேட்பதைக் காட்டிலும், போகப் போகிற திட்டத்தைக் கேட்பது மேல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சேர்வராயன் மலைச் சரிவில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் மல்லிகைபோல் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூமழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பருவத்தில் இந்த ஆண்டு அவர் வேறொரு கணக்கும் போட்டுக்கொண்டிருந்தார். கனடாவில் வேலை பார்க்கும் மகன் அவரைச் சித்திரைக் கடைசியில் வரச் சொல்லியிருந்தான். ஒண்டாரியோ மாகாணத்தில் அல்கொன்குயின் என்று ஒரு பெரிய வனப் பூங்கா இருக்கிறது. 1893-ஆம் ஆண்டு ஏற்பட்டது. காடும் ஏரியுமாக விரிந்துகிடக்கும் அந்தப் பூங்காவின் உட்பகுதிக்குள் கனோ என்னும் ஒல்லித் தோணியில் போய், கூடாரம் அடித்துத் தங்கி, டிரவுட் மீன் பிடிப்பது என்று ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் விவரங்களை அவர் சொல்லக் கேட்டபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. மாரிக்காலம் முழுவதும் உறைந்துகிடந்த ஏரிகள் ஏப்ரல் கடைசியிலோ மே முதலிலோ பனிக்கட்டி உடைந்து திறந்துகொள்ளும். அப்போது நீர் மேலும் கீழும் ஒரே குளிர்ச்சியாக இருப்பதால், குளிர் விரும்பியான டிரவுட் மேல்மட்டத்திலேயே இரை தேடும். கோடை ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே அந்தச் சில வாரங்களே தூண்டில்காரர்களின் திருவிழா. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை, தோணியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் சுமந்துகொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அதுவரை மனிதனைச் சுமந்த தோணியை இப்போது மனிதன் சுமக்கிறான். அதனால் ஒவ்வொரு சாமானையும் எடை பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் உட்பகுதிக்குள் கொண்டுபோகக் கூடாது. மீன் பிடிக்க உரிமச் சீட்டு வேண்டும். உயிருள்ள சிறுமீன்களை இரையாகக் கொண்டுபோகவே கூடாது. யாராவது மிஞ்சிய மீனை ஏரியில் கொட்டிவிட்டால், அந்நிய மீன் குடியேறி அந்த ஏரியையே மாற்றிவிடும் என்ற பயம்.

மகன் அனுப்பிய பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'பிடிக்கும் மீனையெல்லாம் திரும்ப விட்டுவிடுவோம்.' நண்பர் இதைப் பெருமையோடு படித்துக் காட்டினார். அவருடைய மனைவி காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு, "ஏன் அண்ணா, விட்டுவிடுவதற்கு எதற்காகப் பிடிக்க வேண்டும்? அதற்கா இத்தனை ஆயிரம் மைல்?" என்று என்னைக் கேட்டார். நண்பர் சிரித்தார். "கொல்லாமல் விடுகிறோமே, அது கருணை இல்லையா?" என்றார். அந்த அம்மாள், "கருணை இருந்தால் முதலிலேயே விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் ஏற்காட்டிலிருந்து இறங்கிய பிறகும் இந்தக் கேள்வி என்னைவிட்டு இறங்கவில்லை.

டிரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமான பெயர் அன்று. நம் மலைகளிலும் அதற்கு ஒரு கதை உண்டு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அந்த மீனுக்கு வேண்டிய குளிர்ச்சி அங்கே இல்லை. ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் போகும் நீலகிரியில் அது வாழும் என்று வெள்ளைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே என்ற வைத்தியர் 1860-களில் முயன்றார், பலிக்கவில்லை. பிறகு எச். சி. வில்சன் என்பவர் காலத்தில், 1907-இல், அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை ஏற்பட்டு, வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் நிலைபெற்றது. வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகள் அதன் பிறந்தகம். உடம்பின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஓடும் பட்டையால் வந்த பெயர்.

எண்ணிப் பார்த்தால் இதில் ஓர் ஏக்கம் தெரிகிறது. கடல் கடந்து வந்தவர்கள் மலைமேல் பங்களா கட்டினார்கள்; ரோஜா வளர்த்தார்கள்; ஓடையில் தங்களுக்குப் பழக்கமான மீன் துள்ளவில்லையே என்று ஏங்கினார்கள். வீட்டை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போயிற்று. 'இந்த மீன் இந்த ஓடையில் பிழைக்குமா?' என்று கேட்டார்கள். 'இந்த ஓடையில் ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருப்பது யார்?' என்று கேட்கவில்லை. டிரவுட் பூச்சியையும் தவளைக் குஞ்சையும் சிறுமீனையும் பிடித்துத் தின்னும் மீன். தென் அமெரிக்காவில் டிட்டிகாக்கா ஏரியில் 1930-களிலும் 40-களிலும் டிரவுட் இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு மீன் வகை பின்னர் அடியோடு அழிந்துபோனதற்கு அந்த வரவு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. போன இடங்களில் பெருங்கேடு விளைத்த 100 உயிரினங்கள் என்று 2000-இல் ஒரு சர்வதேசப் பட்டியல் வெளியாயிற்று. வானவில் டிரவுட் அதில் ஒன்று.

இதை நான் நண்பரிடம் சொன்னபோது, "காப்பி மட்டும் நம் ஊர்ச் செடியா?" என்று மடக்கினார். நியாயந்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து நட்டிராவிட்டால் சேர்வராயன் மலைக்குக் காப்பியும் இல்லை. நண்பருக்குத் தோட்டமும் இல்லை. எனக்கு அந்த டம்ளரும் இல்லை. வெளியிலிருந்து வந்ததெல்லாம் தீது என்று சொல்பவன் காலையில் எதைக் குடித்து எழுந்திருப்பான்? குற்றம் வந்ததில் இல்லை என்றே நினைக்கிறேன். நம் இன்பத்துக்கான விலையை வேறு யாரோ கொடுக்கும்போது, அந்த யாரோவைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுவதுதான் குற்றம்.

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். பிடித்து விடும் விளையாட்டில் விலை கொடுப்பது யார்?

2003-இல் ஸ்காட்லாந்தில் சில விஞ்ஞானிகள் இதே வானவில் டிரவுட்டை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். மீனின் உதட்டில், காயத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்புகள் இருப்பதைக் கண்டார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கற்களில் வாயைத் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. அதை வலி என்று சொல்லலாமா கூடாதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதம் முடியட்டும். தூண்டில் முள் மாட்டுவது அதே உதட்டில்தான் என்பதில் வாதம் இல்லை.

இந்த விஷயத்தில் நாடுகளே இரண்டு பட்சமாக நிற்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும், பிடித்த மீனை விட்டுவிடுகிறவன் நல்ல தூண்டில்காரன் என்று புகழப்படுகிறான். முள்ளின் பின்கொடுக்கை நசுக்கிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரைவிட்டு அதிகம் எடுக்காமல் மெல்ல விட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், நியாயமான காரணமின்றி எந்தப் பிராணிக்கும் வலி உண்டாக்கக் கூடாது என்கிறது. உண்பது நியாயமான காரணம். விட்டுவிடும் நோக்கத்தோடு வெறும் விளையாட்டுக்குப் பிடிப்பது அப்படியன்று என்றே அங்கே பொதுவாகக் கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதி, விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே தடுக்கிறது. ஓரிடத்தில் பண்பு, இன்னோரிடத்தில் குற்றம்!

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீனை விட்டால் ஏரியில் மீன் குலம் குறையாது. ஆனால் குலம் பிழைப்பது வேறு. முள்ளில் துடிக்கும் அந்த ஒரு மீனின் பாடு வேறு. அதற்கு இது உயிர்ப் போராட்டம். நமக்கு மாலைப் பொழுது. அதன் போராட்டமே நம் இன்பம் என்று ஆகிவிட்ட பிறகு, முடிவில் நாம் காட்டும் கருணை யாருக்காக? நாம் நல்லவர்கள் என்ற எண்ணத்தோடு கூடாரத்தில் தூங்குவதற்காகவும் இருக்கலாம் அல்லவா?

ஏற்காட்டு மலை விளிம்பில் நின்றால், தெளிந்த நாட்களில் மேட்டூர் நீர்த்தேக்கம் மின்னுவது தெரியும் என்பார்கள். 1934-இல் கட்டி முடிந்த அணை அது. அங்கே பரிசலில் போய் வலை போடும் மீனவர்கள் உண்டு. மீன் பிடிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. அடுப்பெரிய வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்காக அவர்கள் எல்லாரும் அறவோர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு; நிறைந்தால் போதும் என்று சொல்லும். விளையாட்டு அப்படிச் சொல்லாது. பத்தாவது மீனை விட்டவனுக்குப் பதினோராவது மீன்தான் நினைவு. விட்டுவிடுகிறோம் என்ற தைரியம் இருந்துவிட்டால் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை!

வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். குடும்பஸ்தன் இதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம். ஆனால் துறவிக்கு முழு விலக்கு என்றால், இல்லறத்தானுக்கு அளவாவது வேண்டாமா? இயற்கை அளவு வைக்காத இடத்தில் மனிதனே வைத்துக்கொள்ள வேண்டும். இது வேட்டைக்காரர்களுக்கே தெரிந்திருந்தது. நீலகிரியில் வேட்டை விலங்கு குறையத் தொடங்கியதும், அவற்றையும் மீன்களையும் காப்பதற்காக 1879-இல் தனிச் சட்டம் வந்தது. கண்டபடி சுட்டவர்கள்தான் காலமும் சீட்டும் கேட்டார்கள்.

அந்த அளவை எப்போது வைப்பது என்பதே என் கேள்வி. கரையில் நின்றுகொண்டு வைக்க முடியாது. நூல் விண்ணென்று இழுபடும்போது நெஞ்சு துள்ளும். அந்த நேரத்தில் அறம் பேசினால் காதில் ஏறுமா? கிரேக்கக் காவியத்தில் யுலிஸிஸ் என்ற வீரன், மயக்கும் பாட்டுக் கேட்கும் தீவை நெருங்குவதற்கு முன்பே தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னான். பாட்டைக் கேட்ட பிறகு கட்டச் சொல்ல வாய் வராது என்று அவனுக்குத் தெரியும். புறப்படுவதற்கு முன், வீட்டுத் திண்ணையில், ஆசை இன்னும் சூடேறாத நேரத்தில் போடும் கணக்கே நம் கையில் இருக்கும் கணக்கு.

நண்பரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். பட்டியலின் கடைசி வரியை அடித்துவிட்டு, 'பொழுதுக்கு இரண்டு மீன். சமைத்து உண்பது. பிறகு தூண்டிலைப் பையில் வைத்துவிட்டுத் தோணி மட்டும்' என்று எழுதியிருக்கிறாராம். மகன், "அப்படியானால் அவ்வளவு தூரம் வந்து சும்மா உட்கார்ந்திருப்பதா?" என்றானாம். மனைவியோ, "சாப்பிடத்தான் என்றால் சேலத்தில் கிடைக்காத மீனா?" என்றாராம். இருவரையும் திருப்தி செய்ய முடியவில்லை என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த அம்மாளின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. அல்கொன்குயினுக்கு யாரும் பசியால் போவதில்லை. நண்பர் எழுதிய இரண்டு மீனும் இன்பத்துக்காகச் சாகும் இரண்டு மீன்தான். ஆனால் அவர் அவற்றைக் கணக்கில் எழுதிவிட்டார். இந்த மகிழ்ச்சிக்கு இந்த விலை, அதைக் கொடுப்பது நான் அல்ல என்று தெரிந்துகொண்டு போகிறார். விலையே இல்லை என்று நினைத்துக்கொண்டு நாள் முழுவதும் பிடித்துப் பிடித்து விடுகிறவரைவிட இவர் கை சுத்தமானது என்று வாதாட மாட்டேன். இவர் கண் திறந்திருக்கிறது என்று சொல்வேன்.

மீன் பிடிக்கப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். நாம் எல்லாரும் ஏதோ ஒரு சுகத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்: ஒரு வீடு, ஒரு கலியாணம், கோடை விடுமுறையில் நான்கு நாள் மலைவாசம். சாமான் பட்டியல் எழுதும் அதே தாளில், இதற்காக யார் பாடுபடப் போகிறார்கள் என்று ஒரு வரியும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வேன் என்று இன்னொரு வரியும் எழுதிவைக்கலாம். எழுதியபின் பிரயாணமே வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். பலர் புறப்படத்தான் செய்வார்கள். புறப்படுகிறவர்களின் மூட்டையில் அந்த இரண்டு வரிகளும் இருக்கட்டும். தோளில் அவை அதிகம் கனக்க மாட்டா.