இடது பக்கமாகப் படுத்தல்

முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தபோது, பெரியம்மா ஃபோனில் கேட்ட முதல் கேள்வி, "யோகா கீகா ஏதும் பண்ணிட்டிருந்தியாடி?" என்பதுதான். பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த வருடம், நாற்காலியிலேயே கூன் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம். "இல்ல பெரியம்மா" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் ஏன் அவ்வளவு வேகமாக வாயில் வந்தது என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம், அதில் தாய் செய்ததும் செய்யாததும் ஒன்றுமில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கடைசி வாரத்தில் என்னென்ன ஆசனம் போட்டேன் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஆபீசில் சர்வர் விழுந்தால் இதே வேலையைத்தான் செய்வோம், நிமிட வாரியாக. யார் மேலும் பழி போடக்கூடாது என்பது அங்கே விதி. அந்த வேலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் போஸ்ட்மார்ட்டம். சொல் நினைவுக்கு வந்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டாவது முறை, பதினான்காவது வாரத்தில், டாக்டரைக் கேட்டுக்கொண்டு கர்ப்பிணிகளுக்கான வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பேச்சு நேர் எதிர். யோகா செய்தால் சுகப்பிரசவம், பிள்ளை சமர்த்தாக வரும். "உங்க மூச்சு எப்படியோ அப்படித்தான் குழந்தையோட மனசும்" என்றார் டீச்சர். எல்லோரும் புன்னகைத்தார்கள். எனக்கு மட்டும் பெரியம்மாவின் குரல் கேட்டது. இரண்டும் ஒரே கணக்குதானே? நல்லபடியாகப் பிறந்தால் என் பயிற்சி காரணம் என்றால், சிசேரியன் ஆனவள் என்ன செய்யத் தவறினாள்? கலைந்துபோனவள்?

இது நமக்குப் புதிதில்லை. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கரு உண்டாவதைப் பற்றிப் பாடும்போது, கூடும் நேரத்து மூச்சு வலமா இடமா என்பதை வைத்தே பிள்ளை ஆணா பெண்ணா என்கிறார் திருமூலர். குழந்தை மந்தமாகவோ ஊமையாகவோ குருடாகவோ பிறந்தால், காரணம் தாயின் வயிற்றில் இருக்கிறது. மூச்சைப் பற்றி அவரளவு நுணுக்கமாகப் பேசியவர்கள் தமிழில் குறைவு. எனக்கு மிகப் பிடித்தவர். ஆனாலும் அந்தப் பாடல்களை வயிற்றில் பிள்ளையோடு படிக்க முடியவில்லை.

வகுப்பை விடவில்லை. இடுப்பு வலி குறைந்தது, ராத்திரி தூக்கம் வந்தது. ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டுகளின் பிணைப்பைத் தளர்த்துவதால் முன்பு எட்டாத இடமெல்லாம் கை எட்டியது. எட்டுகிறதே என்று எட்டிவிடக்கூடாது என்றார்கள். மூச்சை அடக்குவது, கபாலபாதி, சிரசாசனம் எல்லாம் நிறுத்தம். பாதிக் காலம் தாண்டியதும் மல்லாந்து வெகுநேரம் படுக்கவும் கூடாது, கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையை அழுத்தும். அதனால் சவாசனம்கூட இடது பக்கமாக, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து. பிணம் எங்கே இப்படிப் படுக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

கூச்சமாக இருந்தது வேறொன்று. பேரீச்சம்பழம், நடை, தூக்கம் எல்லாம் குழந்தைக்காக. யோகாவையும் அப்படிச் சொன்னால்தான் வீட்டில் மதிப்பு. உண்மையில் அந்த அரை மணி நேரம் எனக்காக மட்டும்தான் செய்தேன். குழந்தைக்குக் கெடுதல் வராத எல்லைக்குள் நின்று எனக்காகச் செய்வதில் என்ன தப்பு? தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணவரிடம்கூட அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

வளைகாப்புக்கு வந்த பெரியம்மா, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த யோகா பாயைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் பண்றியா?"

"பண்றேன் பெரியம்மா. அப்பவும் பண்ணிட்டுதான் இருந்தேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

"எனக்கும் ரெண்டு தங்கலடி. கெணத்துல தண்ணி எறச்சதாலதான்னு என் மாமியார் சொன்னாங்க" என்றார். "விரல நல்லா குவிச்சுக்க, ஒடஞ்சிடும்."