ஆந்தைக்கு இருட்டென்றால் பயம்

பிள்ளைக்கு ராத்திரிக் கதை சொல்லி முடித்த கையோடு, 'இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?' என்று கேட்காதவர்கள் நம்மில் குறைவு. நீதிக்கதை கேட்டே வளர்ந்த தலைமுறை, வேறெப்படி இருப்போம்?

'எ சிக் டே ஃபார் ஏமஸ் மெக்கீ' என்ற அமெரிக்கப் படக்கதையில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஃபிலிப் ஸ்டெட் எழுதி 2010இல் வந்தது. மரக்கட்டை அச்சும் பென்சிலுமாக அவர் மனைவி எரின் போட்ட படங்களுக்கு அடுத்த ஆண்டே கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

ஏமஸ் மிருகக்காட்சிசாலையில் வேலை பார்க்கும் முதியவர். தினமும் பஸ் பிடித்துப் போய், வேலைக்கு நடுவே நண்பர்களையும் பார்ப்பார். யானையோடு செஸ், ஒரு காய் நகர்த்த அது யோசித்துக்கொண்டே இருக்கும். ஆமையோடு ஓட்டப்பந்தயம்; ஆமை தோற்றதே கிடையாது. மூக்கு ஒழுகும் காண்டாமிருகத்துக்குக் கைக்குட்டை. இருட்டுக்குப் பயப்படும் ஆந்தைக்குப் படுக்கும்முன் ஒரு கதை. பென்குயின் ரொம்பக் கூச்சப்படும். அதன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

நாமாக இருந்தால் பென்குயினை விட்டிருக்க மாட்டோம். கூச்சப்படுகிற பிள்ளையைக் கூடத்தின் நடுவே நிறுத்தி 'மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு' என்கிறவர்களாயிற்றே! பிரியம் இல்லாமல் இல்லை. எதிரே இருப்பது யார் என்று பார்க்கத்தான் பொறுமையில்லை. ஏமஸிடம் இருப்பது அந்தப் பொறுமை. அதை ஆவல் என்றுகூடச் சொல்வேன். பிள்ளைகளிடம் 'எல்லார்கிட்டயும் அன்பா இரு' என்று ஓயாமல் சொல்கிறோம். அவர்கள் 'அந்தப் பாட்டி ஏன் தனியா உக்காந்திருக்காங்க?' என்று கேட்டால், 'உனக்கெதுக்கு அதெல்லாம்?' என்று வாயை அடைக்கிறோம். அன்பு வேறெந்த வழியாக உள்ளே வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் ஏமஸுக்கு ஜலதோஷம், வேலைக்கு வரவில்லை. விலங்குகளே பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஓட முடியாதவரோடு ஆமை கண்ணாமூச்சி ஆடுகிறது. பென்குயின் அவர் காலுக்குக் கதகதப்பாக உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில், ஏமஸுக்கும் இருட்டு பயம் என்று தெரிந்து ஆந்தை அவருக்குக் கதை வாசிக்கிறது.

"தாத்தாவுக்கும் பயம்னு ஆந்தைக்கு யாருப்பா சொன்னா?" என்றாள் மகள்.

முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், எங்கும் இல்லை. அவளே சொன்னாள்: "தெனம் அவரு படிக்கிறப்போ அது புத்தகத்தைப் பாக்கல. அவரு மூஞ்சியத்தான் பாத்திருக்கும்."