கடல்வழித் தொல்லை

சகோதரர்களே! நபி யூனுஸ் (அலை) அவர்களை விழுங்கிய மீன் அவர்களை மெல்லவில்லை. இறையாணைப்படி கரை சேர்த்தது. அது எந்த இனம் என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. திருமறை 'ஹூத்' என்கிறது. இன்றைய அரபிகள் திமிங்கிலத்தை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

அவ்வரபிகளின் ஒமான் கரையோரம், மஸீரா வளைகுடாவிலும் ஹல்லானியாத் தீவுகளைச் சுற்றியும், கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. பிற கடல்களில் இவ்வினம் இரை தேடி ஆண்டுதோறும் குளிர்க்கடல்களுக்குப் பயணம் போகும். இவை போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆழத்து நீரை மேலே கொணர, அதில் பெருகும் சிறு மீன்களை இவற்றின் ரிஸ்க்காக அல்லாஹ் இங்கேயே வைத்துவிட்டான். அரபிக்கடலை விட்டால் இவற்றுக்கு வேறு வீடில்லை. 1960களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இக்கடலில் 240க்கும் மேற்பட்டவற்றைக் கொன்று குவித்தன. 2000 முதல் 2004 வரை எடுத்த நிழற்படங்களைக் கொண்டு செய்த மதிப்பீட்டில், ஒமான் கரையில் இருந்தவை சுமார் 82.

"கடல் பிராணி ஹலால்தானே?" என்று கேட்பீர்கள். ஆம். அபூஉபைதா (ரலி) தலைமையில் சென்ற ஸஹாபிகள், பசியால் இலை தின்ற நாளில், கரையொதுங்கிய 'அம்பர்' என்னும் பெருமீனை உண்டார்கள். எவர் பசிக்கும் உதவாமல், செவுள் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் ஓர் உயிர் சாவதற்கு அதில் ஆதாரம் ஏது?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையென நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கடலும் பாதையே. நாமோ கிழிந்த வலையை அதிலேயே வீசிவிட்டு, உளூச் செய்து தொழ வருகிறோம்! 2017இல் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் திமிங்கிலம் ஒமானிலிருந்து நம் நாட்டின் மேற்குக் கரைவரை வந்தது. படகுடைய சகோதரர்களே, பழைய வலையைக் கரைக்கே கொண்டு வாருங்கள். ஒமானில் கப்பல் வேலை பார்க்கும் பிள்ளைகளுடன் பேசும்போது, மஸீரா பக்கம் வேகத்தைத் தணிக்கச் சொல்லுங்கள்.